முகத்தில் அடிக்காத வெளிச்சம்

கவுண்டர்மேல் இருந்த டார்ச்சுகளிலேயே பெரியதை எடுத்து எதிர்ச்சுவரில் அடித்ததும் லைட்டண்ணனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. சுவரில் தொங்கிய ரப்பர் உடைகள், கால்துடுப்புகள், முகக்கண்ணாடிகள், மூலையில் நிறுத்தியிருந்த காற்றுச் சிலிண்டர்கள், சிலிண்டருக்குப் பின்னால் யாரோ ஒளித்து வைத்திருந்த துடைப்பம் உட்பட எல்லாம் ஒரே நொடியில் பளிச்சென்று ஆகிவிட்டன. "இதுதாம்மா லைட்டு," என்றான் பக்கத்தில் நின்ற மனைவியிடம். "மத்ததெல்லாம் மின்மினிப் பூச்சி."

அந்தக் கடை ஒரு டைவிங் பள்ளியின் முன்னறை. பின்னால் நீச்சல் குளம், அதற்கும் பின்னால் சாமான் அறை. பள்ளியை நடத்துகிறவளுக்கு ஆமை டீச்சர் என்று பெயர். பெற்றவர்கள் வேறு நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே மாணவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளாமல் கடைப் பலகையில் ஒரு ஆமைப் படத்தையே எழுதி வைத்துவிட்டாள். இப்போதும் அவசரப்படாமல் கவுண்டருக்கு வந்து, அவன் கையிலிருந்த டார்ச்சின் கழுத்தை ஒரு விரலால் தரையைப் பார்க்கத் தாழ்த்தினாள்.

"அண்ணே, இது வீடியோ எடுக்கறவங்க வாங்கறது. வெளிச்சம் பரவி விழும். நீங்க போகப் போறது குவாரிக்கு. அங்க தண்ணி கலங்கல். ஒடுக்கமா, நேரா போற வெளிச்சம்தான் அங்க எடுபடும்."

"டீச்சர், தண்ணியைப் பத்தி நீங்க என்ன சொன்னாலும் கையக் கட்டிக்கிட்டுக் கேக்கறேன். ஆனா கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்காதீங்க. இருபத்தஞ்சு வருஷமா லைட்டைத்தான் தின்னு லைட்டைத்தான் குடிக்கறேன்."

டீச்சர் சிரித்துவிட்டு உறையைத் தேடப் போனாள். அந்த நேரத்தில் அவன் மனைவி கவுண்டரிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு டார்ச்சை எடுத்தாள். அதன் வாரை மணிக்கட்டில் மாட்டி, உள்ளங்கையில் அடித்துப் பார்த்து, அணைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நமக்கு இங்கே சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அவன் அடித்துக்கொண்ட பெருமையில் பொய் இல்லை. நகரத்தின் பெரிய நாடக அரங்கில் விளக்கு அவன் பொறுப்பு. நடிகர்கள், தச்சர்கள், டிக்கெட் கொடுக்கிறவர் என்று எல்லோருக்கும் அவன் லைட்டண்ணன்தான். வீட்டில் தொலைபேசியில் கூப்பிட்டு அவன் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் தவறான எண் என்று அவனே வைத்துவிடுவான். பார்வையாளர்களின் தலைக்கு மேலே, பின்சுவரில் ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, மேடையில் நடக்கிறவரின் முகத்தை ஒரு வட்ட வெளிச்சத்தால் விடாமல் பின்தொடர்வதுதான் அவன் தொழிலின் உச்சம். முகம் வெளிச்சத்தை விட்டு ஓர் அங்குலம் நழுவினாலும் சபை முணுமுணுக்கும். அவன் நாளில் சபை முணுமுணுத்ததில்லை.

ஆனால் நாடகம் என்பது சாயங்காலத்துச் சமாசாரம். அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும்போதே போய் உட்கார வேண்டும். அவள் வீடு திரும்பும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். அவன் திரும்பும்போது அவள் தூங்கி ஒரு யுகம் ஆகியிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் என்ற ஒன்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. மகள் இருந்தவரை அது உறைக்கவில்லை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம்கூட வீட்டில் பெரிதாகக் கேட்டது. ஒருநாள் வேலையிலிருந்து திரும்பும் வழியில் ஆமைப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தவள், நீச்சலுடைக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க," என்று அவன் அப்போது கிண்டலடித்தான்.

"ஆழம் தெரிஞ்சுதான் விடறேன். பன்னெண்டு மீட்டர்," என்று சொல்லிவிட்டு அவள் துண்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

போகப் போக அவனுக்குக் கிண்டல் வற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நெற்றியில் முகக்கண்ணாடி அழுந்திய கோடும், காதோரம் காயாத முடியுமாக அவள் வீடு வருவாள். அடுப்படிக் குழல்விளக்கின் கீழே நின்று ரொட்டியில் ஜாம் தடவும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். முகங்களுக்கு வெளிச்சம் போட்டே பிழைக்கிறவன் அவன். எந்த முகத்துக்கு எந்த நிறம், எந்தப் பக்கத்திலிருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அந்தத் தெளிவை வரவழைக்க அவனிடம் விளக்கே கிடையாது. அதைக் கொடுத்தது அவனில்லை, எங்கேயோ கிடக்கிற தண்ணீர் என்று புரிந்த அன்றைக்கு அவனுக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறு வாரமே, அரங்குக்கு விடுமுறையான திங்கட்கிழமையில், அவனும் பள்ளியில் சேர்ந்தான். குளத்துத் தண்ணீரில் பாதியைக் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் தேறினான் என்பது வேறு விஷயம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், தண்ணீருக்கடியில் ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்பது சட்டம். அவளுக்கு ஜோடியாக இருந்த மருந்துக்கடை அக்கா கடையை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டாள். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. தோண்டத் தோண்ட ஒருநாள் ஊற்று பீறிட்டு, எடுக்க நேரமில்லாமல் ஒரு கிரேன் அப்படியே அடியில் முழுகிப்போனது. தண்ணீருக்குள் அந்தக் கிரேனுக்கு மேலே ஒரு பாறைப் படி. அந்தப் படிவரை அவளும் அக்காவும் போயிருக்கிறார்கள். அக்காவுக்குக் காது வலித்ததால் அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள். இன்னொரு முறையும் அதே கதை. அந்தக் கிரேனைக் கையால் தொட வேண்டும் என்பது அவள் ஆசை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரைக் கிணறு தாண்டியவளுக்கு மீதிக் கிணறு கண்ணுக்குள்ளேயே நிற்கும் இல்லையா, அதுதான். படிக்குக் கீழே பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ஆகவே டார்ச். ஆகவே ஒரு ஜோடி.

ஜோடிக்கு ஆள் இல்லாமலும் இல்லை. பேங்க்காரர் ஒருவர் இருந்தார். தண்ணீருக்குள் அடிச்சேற்றைக் கிளப்பாமல் நீந்துவார். முகக்கண்ணாடியை மெல்லிய துணியில் துடைத்து மடித்து வைப்பார். "எப்ப வேணாலும் சொல்லுங்க மேடம், நான் வரேன்," என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்த 'மேடம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் லைட்டண்ணனுக்கு எரியும். "என்கூட வாயேன்," என்று அவன் மனைவியிடம் கேட்டுவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் அவ்வளவு பயந்ததில்லை. அவள் ஊசி போடுவதற்கு முன்னால் நரம்பைத் தேடுகிற மாதிரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை குளத்துல சேந்து இறங்கிப் பாப்போம். அப்புறம் சொல்றேன்," என்றாள்.

திங்கட்கிழமை டீச்சர் குளத்து அறையின் திரைகளை இழுத்துவிட்டு விளக்கை எல்லாம் அணைத்தாள். மனைவி முன்னால் நீந்த வேண்டும், அவன் அவளுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் சற்றுப் பின்தங்கி வர வேண்டும், குளத்தின் அடித்தளத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். இதுதான் பரீட்சை. பிள்ளைகள்கூடத் தேறிவிடுவார்கள். பெரிய டார்ச்சோடு லைட்டண்ணன் இறங்கினான். இறங்கியதும் அவன் கை அதற்குத் தெரிந்த வேலையைச் செய்தது. அவள் முகத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சத்தைப் போட்டது.

அவன் இருக்கிறானா என்று பார்க்க அவள் திரும்பினாள். முழு வெளிச்சமும் அவள் கண்ணில் போய் இறங்கியது. அவள் கையை உயர்த்தி மறைத்தாள். வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று அவன் இன்னும் கிட்டே வந்து அடித்தான். அவள் இடப்பக்கம் விலகினாள், வெளிச்சமும் விலகியது. வலப்பக்கம் போனாள், வெளிச்சமும் போனது. ஓர் அங்குலம் நழுவவில்லை. என்ன ஒரு தொழில் சுத்தம்! தன் வாழ்நாளிலேயே இவ்வளவு கச்சிதமாக ஒருவரைப் பின்தொடர்ந்ததில்லை என்று அவன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் குளத்துச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அதோடு மேலே போய்விட்டாள்.

அவன் மேலே வந்தபோது அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு அவிஞ்சு போச்சு," என்றாள்.

"உன்னை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரலையே நான். உன் முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். என் முகத்தை எதுக்குப் பாக்கறீங்க? நான் என்ன மேடையிலயா நிக்கறேன்?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கல்யாணம் ஆன புதுசுல உங்க நாடகத்துக்கெல்லாம் வருவேனே, ஞாபகம் இருக்கா? நடுவுல திரும்பித் திரும்பிப் பாப்பேன். வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது. அப்புறம் வர்றதையே விட்டுட்டேன். கீழயும் அதே கதைதான்னா எனக்கு வேணாங்க. நீங்க என்னைப் பாக்க வேணாம். நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். அது போதும்."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன், டார்ச்சை அணைத்து விளிம்பில் வைத்தான். டீச்சர் தரையில் இல்லாத ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு பேங்க் சார்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை சொல்றேன் டீச்சர்," என்றாள் மனைவி. வீடு போகும் வழியெல்லாம் அவனுக்கு வலித்தது. அவள் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை என்பது இன்னும் வலித்தது.

அந்த வாரம் அரங்கில் புது நாடகத்துக்கு ஒத்திகை. ஒரு காட்சியில் மேடை முழுக்கப் புகை விட வேண்டும். புது இயக்குநர் உற்சாகமான ஆசாமி. "அண்ணே, எல்லாத்தையும் விரிச்சுப் போடுங்க, பிரமாண்டமா இருக்கணும்," என்று கீழேயிருந்து கத்தினார். அவன் விரித்துப் போட்டான். மேடை பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போய், நடுவில் நின்ற இரண்டு நடிகர்களும் காணாமல் போனார்கள். "அண்ணே, எனக்கு என் கையே தெரியல," என்று புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. லைட்டண்ணன் தலையை வெளியே நீட்டி, பல காலமாகப் புதுசு புதுசாக வருகிற இயக்குநர்களுக்குச் சொல்லிச் சலித்த பாடத்தை ஒப்பித்தான். "புகையில விரிச்சு அடிச்சா புகைதான் சார் தெரியும். ஒடுக்கி அடிச்சாத்தான் உள்ள போகும்."

சொல்லிவிட்டுத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. கலங்கல் தண்ணீர், ஒடுக்கமான வெளிச்சம் என்று ஆமை டீச்சர் சொன்னதையேதான் அவன் இப்போது சொல்லியிருக்கிறான். "அட மடையா," என்று தன்னையே சத்தமாகத் திட்டிக்கொண்டான். இயக்குநர் கீழே திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபோது அவன் வட்ட விளக்கை மேடையின் நடுவே நிறுத்தி வைத்துவிட்டு, படியிறங்கி, நாற்காலி வரிசைகளுக்கிடையே நடந்து, மேடையேறி அந்த வட்டத்துக்குள் போய் நின்றான். ஏணி போட்டு விளக்கு மாட்ட எத்தனையோ தடவை ஏறிய மேடைதான். ஆனால் வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்று தன் அறை இருக்கும் திசையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. கண் கூசியது. ஒரு வெள்ளைத் துளை மட்டும் தெரிந்தது. நாற்காலிகள் இல்லை, சுவர் இல்லை, அறை இல்லை. அங்கே யாராவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுதான். புதுப் புடவையில் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்த ஒருத்தியை நினைத்தபோது அவன் கண்ணுக்குமேல் கையை வைத்து அந்த வரிசையைத் தேடினான்.

மறுநாள் மதியம், சூரியனை ஜன்னலோரம் மட்டுமே பார்த்துப் பழகியவன், குளித்துச் சட்டை மாற்றி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வாசலில் போய் நின்றான். வேலை முடிந்து வந்த மனைவி அவனைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. டார்ச்சை மாத்தணும். நீ வந்து எடு."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா இதை?" என்று கேட்டாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

ஆமை டீச்சர் பெரிய டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மற்ற டார்ச்சுகளை எல்லாம் கவுண்டர்மேல் பரப்பினாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். லைட்டண்ணன் இந்தத் தடவை எதையும் தொடவில்லை. சாமான் அறையைக் காட்டி, "அதுக்கு ஜன்னல் உண்டா?" என்று கேட்டான். இல்லை என்றாள் டீச்சர். நீளமான அறை, இரண்டு பக்கமும் சிலிண்டர்கள், நடுவில் ஒற்றையாள் நடக்கிற வழி. "நான் முன்னாடி நடக்கறேன், நீ டார்ச்சோட பின்னாடி வா," என்றான் மனைவியிடம். "நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

கதவைச் சாத்தியதும் உள்ளே மை இருட்டு. முதல் டார்ச்சை அவள் போட்டபோது அவனுடைய நிழலே பூதம் மாதிரி எழுந்து எதிரே நின்றது. அவன் தடுக்கி ஒரு சிலிண்டரில் இடித்துக்கொண்டான். இரண்டாவது, குறுக்கும் நெடுக்கும் அலைந்து, அவனுக்கு முதுகு கூசியது. எந்த நேரத்தில் திரும்பிப் பார்ப்போமோ என்று இருந்தது. மூன்றாவதைப் போட்டபோது அவன் கால்பக்கத்தில், வலது செருப்புக்குச் சற்று முன்னால், ஒரு தட்டளவு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. அவன் நடந்தான். அதுவும் நடந்தது. அவன் நின்றான். அதுவும் நின்றது. வேண்டுமென்றே இரண்டு எட்டு வேகமாக வைத்தான். கொஞ்சம் தயங்கி, அதுவும் வந்து சேர்ந்துகொண்டது. கடைசிச் சுவர்வரை போய், சுவரைப் பார்த்தபடியே அவன் நின்றான். பின்னால் அவள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் இருக்கிறாள் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகம் வரவில்லை.

"இதுதான்," என்றான் சுவரிடம்.

"இதேதான்," என்றாள் அவள்.

வெளிச்சத்துக்கு வந்து பார்த்தால், அது அந்தச் சின்னக் கறுப்பு டார்ச். "அன்னைக்கே இதை எடுத்துப் பாத்தேன்," என்று அவள் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் மின்மினிப் பூச்சின்னு சொல்லிட்டீங்களே."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். மனைவி ஆளுக்கொன்றாக இரண்டு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. ஆனா ஒண்ணு. நீங்க இருக்கீங்களா இல்லையான்னு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போற மாதிரி இருந்துச்சுன்னா, படியோட நான் மேல வந்துருவேன். அதுக்கப்புறம் பேங்க் சார்தான். கோவிச்சுக்கக் கூடாது." கோபிக்க மாட்டேன் என்று அவன் தலையாட்டினான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. குவாரியின் செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஆடாமல் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. டீச்சர் கரையில் நின்று கடைசியாக ஒருமுறை சொன்னாள். "ஜோடி கண்ணுல படலைன்னா ஒரு நிமிஷம் தேடுங்க. கிடைக்கலைன்னா மெதுவா மேல வந்துருங்க. மெதுவா." இருவரும் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்துக்கு எல்லாமே இளம்பச்சை, பிறகு பாசிப் பச்சை. சூரியன் தலைக்கு மேலே ஒரு கலங்கிய காசாகச் சுருங்கியது. அதுவும் போனது. குளிர் ரப்பர் உடைக்குள் விரல் விட்டது. அவள் தன் டார்ச்சைப் போட்டாள், அவன் தன்னுடையதைப் போட்டான். அவளுடைய வெளிச்சம் பாறையில் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், தன்னுடையதைக் கொண்டுபோய் வைத்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் டார்ச்சை அசைக்காமல் வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது, அடக்கிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் மறுபடியும் திரும்பினாள். பாறைப் படியை நெருங்கும்போது மறுபடியும். ஒவ்வொரு முறை அவள் தலை திரும்பும்போதும் அவன் நெஞ்சில் சுருக்கென்றது. பேங்க்காரர் முகக்கண்ணாடியைத் துணியில் துடைப்பது கண்ணுக்குள் வந்து போனது. அந்த நினைப்பில் கவனம் சிதறியதோ என்னவோ, படியின்மேல் வந்ததும் அவன் கால்துடுப்பு தரையில் பட்டுவிட்டது.

பல வருஷத்துச் சேறு அடுப்பில் பால் பொங்குவது மாதிரி எழுந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் எதுவும் தெரியவில்லை. பாறை இல்லை, அவள் இல்லை, அவளுடைய வெளிச்சம் இல்லை. அவன் டார்ச்சை இங்கும் அங்கும் வீசினான். எங்கே அடித்தாலும் மூக்குக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர். மூச்சு வேகவேகமாக வந்தது, காதுக்குள் குமிழிகள் கொப்பளித்தன. அவள் எங்கே? அவளை எதிலாவது முட்டவைத்துவிட்டேனா? இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால், அந்தப் பெரிய டார்ச் இருந்திருந்தால் என்று ஒரு கணம் மனம் போனது. போன வேகத்தில் திரும்பியது. எதிரே இருக்கும் சுவரை எழுப்பிக்கொண்டிருப்பதே தன் கையிலிருக்கும் வெளிச்சம்தான். அது இருக்கும்வரை அவளுடையது தெரியவே தெரியாது.

காட்சி நடக்கும்போது விளக்கை அணைப்பது அவன் தொழிலில் மகாபாவம். மின்சாரம் போனதால் அணைந்ததுண்டு, அவன் கையால் அணைத்ததில்லை. அவன் டார்ச்சின் முகத்தைத் தன் நெஞ்சோடு வைத்து, இன்னொரு கையால் பொத்தி, இறுக அழுத்திக்கொண்டான்.

இருட்டு. இப்போது அவளுடைய வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், கீழே பார்த்தான். எங்கும் ஒரு புள்ளி இல்லை. அவள் மேலே போய்விட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்ன சொல் மாறாதவள். போயிருப்பாள். நானும் மேலே போக வேண்டியதுதான், ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மேலே போய் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று நினைக்கும்போதே அழுகை முட்டியது. முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கவும் வழியில்லை.

அப்போது எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு. விரல்கள். ஒரு கையின் விரல்கள், உள்ளே ரத்தம் ஓடுவது தெரிகிற அளவுக்குச் சிவந்து, ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. அவளும் டார்ச்சை நெஞ்சில் பொத்திக்கொண்டு அவனுடைய வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்! ஆளுக்கொரு விளக்கை ஒளித்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் மிதந்தபடி, எதிராளியின் விளக்கைக் காணோமே என்று இரண்டு பேரும் தவித்திருக்கிறார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயோரம் ஒரு மடக்கு குவாரித் தண்ணீர் உள்ளே போனது. எதிரேயும் குமிழிகள் ஒழுங்கில்லாமல் வெடித்துக் கிளம்பின. அவளும் சிரிக்கிறாள் என்று அந்தக் குமிழிகளைப் பார்த்து அவனுக்குத் தெரிந்தது.

அவன் தன் கையை விலக்கி, வெளிச்சத்தை அவள் முகத்துக்கு விடாமல் பாறைக்கு இறக்கினான். சேறு மெல்ல அடங்கியது. அவள் தன் டார்ச்சின் வெளிச்சத்துக்குள் வலது கையை நீட்டி, கட்டைவிரலை மடக்காமல் வைத்தாள். கரையில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் சபாஷ் என்று அர்த்தம். தண்ணீருக்குள் அதற்கு அர்த்தம், மேலே போவோம் என்பது. அவன் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். சேற்றைக் கிளப்பியவன் அவன். அவளைத் தேடவைத்தவன் அவன். பேங்க்காரரிடம் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்றுகூடத் தீர்மானித்துவிட்டான். வெளிச்சத்துக்குள் அந்தக் கட்டைவிரல் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் காட்டாமல் இருந்தது. பிறகு மணிக்கட்டோடு புரண்டு, கீழே காட்டியது.

அவள் உடலைத் திருப்பி, படியின் விளிம்பை நோக்கி நீந்தத் தொடங்கினாள். அவன் தரையில் துடுப்பு படாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு பின்னால் போனான். அவளுடைய வட்டத்துக்குப் பக்கத்தில் தன் வட்டத்தை வைத்தான். அவள் தலை இப்போது திரும்பும், இதோ திரும்பும் என்று காத்திருந்தான். விளிம்பு வந்தது. அவள் அதைத் தாண்டித் தலைகுப்புறச் சாய்ந்தாள். கால்துடுப்புகள் அவன் முகத்துக்கு முன்னால் அமைதியாக ஏறி இறங்கின. அவள் திரும்பவில்லை. பாறை முடிந்த இடத்தில் இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விளிம்பைத் தாண்டி, இன்னும் எதன்மேலும் படாமல், கிரேன் கிடக்கும் இருட்டுக்குள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன.